வண்டியை ஓரங்கட்டு: வாகனச் சோதனையில் எது முறை, எது மிகை?

ஒரு சனிக்கிழமை சாயங்காலம். பைபாஸிலிருந்து ஊருக்குள் இறங்கும் வளைவில், புளியமரத்துக்குப் பின்னால் இரண்டு தடுப்புகள். சித்தப்பா மகன் வண்டி ஓட்டினான், நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வளைவு முடிந்த இடத்தில் போலீஸ்காரர் ஒருவர் சாலைக்குள் பாய்ந்து கையை நீட்டினார். தம்பி பிரேக் பிடித்து, வண்டி ஒரு ஆட்டம் ஆடி நிற்பதற்குள் இன்னொருவர் வந்து சாவியை உருவிக்கொண்டார். அப்புறம்தான் பேச்சே ஆரம்பித்தது. "எங்கப்பா போறீங்க? லைசன்ஸ் எடு."

தப்பு எங்கள் பக்கம். அவன் ஹெல்மெட் போட்டிருந்தான், நான் போடவில்லை. லைசன்ஸை போனில் காட்டினான். "இதெல்லாம் வேணாம், ஒரிஜினல் இருந்தா பேசு" என்றார்கள். முக்கால் மணி நேரம் கழித்து அபராதச் சீட்டும் சாவியும் கைக்கு வந்தன. வீடு திரும்பும் வழியெல்லாம் எங்களுக்குள் சண்டை. "அநியாயம்ணா இது" என்கிறான் அவன். "ஹெல்மெட் போடாதது நாமதானேடா" என்கிறேன் நான்.

பிறகு யோசித்தபோதுதான் புரிந்தது, நாங்கள் இரண்டு பேரும் வேறு வேறு விஷயங்களைப் பேசிக்கொண்டிருந்தோம். அவன் பேசியது நிறுத்திய விதம். நான் பேசியது நிறுத்திய காரணம். போலீஸ் வாகனச் சோதனை நியாயமா, அடாவடியா என்று டீக்கடையில் நடக்கும் வாக்குவாதங்களில் பாதி இப்படித்தான் குழம்புகிறது. "வாகனச் சோதனை" என்று நாம் ஒற்றைச் சொல்லில் அடக்குவது உண்மையில் ஐந்தாறு தனித்தனிச் செயல்கள். நிறுத்துவது ஒன்று. காகிதம் பார்ப்பது ஒன்று. ஊதச் சொல்வது, அபராதம் போடுவது, பிடித்து வைப்பது, பையையும் டிக்கியையும் துழாவுவது எல்லாம் வேறு வேறு. ஒவ்வொன்றுக்கும் சட்டத்தில் தனி அளவு உண்டு. ஒன்றுக்கு அதிகாரம் இருப்பதால் அடுத்ததற்கும் இருப்பதாக ஆகிவிடாது.

நிறுத்துவதற்குச் சந்தேகம் வேண்டுமா?

வேண்டாம். பலருக்கும் இது ஆச்சரியமாக இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 130-ஆவது பிரிவுப்படி, பொது இடத்தில் வண்டி ஓட்டும் எவரும் சீருடையில் உள்ள எந்தக் காவலர் கேட்டாலும் ஓட்டுநர் உரிமத்தைக் காட்ட வேண்டும். நீங்கள் தப்பு செய்திருக்க வேண்டும் என்றோ, செய்ததாகச் சந்தேகம் இருக்க வேண்டும் என்றோ அந்தப் பிரிவு கேட்பதில்லை. அது கேட்பதெல்லாம் சீருடையை மட்டும்தான். லுங்கியும் பனியனுமாக வந்து "நான் ஸ்டேஷன்லேருந்து வர்றேன்" என்று ஒருவர் கையைக் காட்டினால் இந்தப் பிரிவு அவருக்குக் கைகொடுக்காது. ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் ஆகியவற்றைக் கேட்பது 158-ஆவது பிரிவில் வருகிறது. அதற்குச் சீருடையோடு மாநில அரசின் அங்கீகாரமும் வேண்டும்.

ஆகவே "நான் என்ன தப்பு பண்ணேன், எதுக்கு நிறுத்தினீங்க?" என்ற கேள்வி, மனசுக்கு எவ்வளவு நியாயமாகப் பட்டாலும், சட்டப்படி பலவீனமான கேள்வி. நின்றுவிடுவதுதான் சரி. நிற்காமல் போவது தனிக் குற்றமாகவும் ஆகலாம். சட்டப்படியான உத்தரவுக்குக் கீழ்ப்படியாமல் போனால் 179-ஆவது பிரிவில் 2,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

இவ்வளவு தாராளமான அதிகாரத்தை ஏன் கொடுத்தார்கள்? காரணம் சாலையிலேயே கிடக்கிறது. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்து எண்ணிக்கையில் அந்த ஆண்டு தமிழ்நாடுதான் முதலிடம்: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். நாடு முழுக்க ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர், அதில் 14,337 பேர் என்னைப் போலப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். ஹெல்மெட் போட்டால் மரண ஆபத்து சுமார் 42 சதவீதமும் தலைக்காய ஆபத்து சுமார் 69 சதவீதமும் குறையும் என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த மருத்துவ மதிப்பாய்வு சொல்கிறது. லைசன்ஸ் இல்லாமல் ஓட்டுவதும் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டுவதும் வெளியே தெரியாத குற்றங்கள். நிறுத்திக் கேட்டால் ஒழியத் தெரியாது. இடித்துவிட்டுப் போன வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை என்று தெரிய வரும் குடும்பத்திடம் போய், "செக்கிங்லாம் எதுக்குங்க" என்று கேட்க முடியாது.

அதனால் நிறுத்துவதை நான் எதிர்ப்பதில்லை. எனக்குக் கேள்வி எழுவது வண்டி நின்ற பிறகுதான்.

வண்டி நின்ற பிறகு

நிறுத்தும் அதிகாரம் எவ்வளவு அகலமோ, அதற்குப் பிறகு வரும் அதிகாரங்கள் அவ்வளவு குறுகல். சாவியிலிருந்தே ஆரம்பிப்போம். வண்டியிலிருந்து சாவியை உருவலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் எந்தப் பிரிவும் சொல்லவில்லை. ஓடிவிடுவார்கள் என்பதற்காகச் செய்கிறோம் என்பார்கள். ஓடினால் நம்பர் பிளேட் இருக்கிறதே. தவிர, நகர்ந்துகொண்டிருக்கும் வண்டியின் சாவியில் கை வைப்பது, பவர் ஸ்டீரிங் உள்ள கார் என்றால் ஸ்டீரிங்கைக் கல்லாக்கிவிடும், பைக் என்றால் கவிழ்த்துவிடும். சாலைப் பாதுகாப்புக்காக நடக்கும் சோதனையில் இப்படி ஒரு பழக்கம் எப்படி ஒட்டிக்கொண்டது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அடுத்தது காகிதம். போனில் காட்டினால் செல்லுமா என்ற சண்டைக்குச் சட்டம் பதில் சொல்லி வருடங்கள் ஆகிவிட்டன. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 139-ஆவது விதி 2018-இல் திருத்தப்பட்டு, ஆவணங்களை மின்னணு வடிவில் காட்டலாம் என்று ஆனது. அரசின் டிஜிலாக்கர், எம்-பரிவாகன் செயலிகளில் இருப்பது அசலுக்குச் சமம். (கேலரியில் எடுத்து வைத்திருக்கும் போட்டோ இதில் சேராது. இதைத் தெரியாமல் சண்டை போடுபவர்களும் நிறைய.) 2020 அக்டோபர் 1 முதல் இன்னும் ஒரு படி போனார்கள். மின்னணு முறையில் சரிபார்த்துவிட்ட ஆவணத்தைக் காகிதமாகக் கேட்கக் கூடாது. எந்த அதிகாரி, எந்தத் தேதியில், எத்தனை மணிக்குச் சோதித்தார் என்பதும் அரசுத் தளத்தில் பதிவாக வேண்டும். ஒரே வண்டியைத் திரும்பத் திரும்ப நிறுத்துவதையும் ஓட்டுநர்களை அலைக்கழிப்பதையும் தவிர்க்கத்தான் இது என்று மத்திய அரசே அப்போது விளக்கம் கொடுத்தது. அலைக்கழிப்பு நடக்கிறது என்பது டீக்கடைப் புலம்பல் மட்டும் இல்லை, அரசே வாய்விட்டு ஒத்துக்கொண்ட விஷயம்.

ஊதச் சொல்வதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 203-ஆவது பிரிவில், ஓட்டுபவர் குடித்திருக்கிறார் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் மூச்சுச் சோதனை கேட்கலாம் என்றிருக்கிறது. லைசன்ஸ் கேட்கத் தேவைப்படாத சந்தேகம் இங்கே தேவைப்படுகிறது. வாடை, தடுமாற்றம், வண்டி வளைந்து வளைந்து வந்தது, இப்படி ஏதாவது ஒன்று. நடைமுறையில் சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல் வரும் எல்லோரையும் ஊதச் சொல்கிறார்கள். நானும் ஊதியிருக்கிறேன். எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை, ஏன் என்று கீழே சொல்கிறேன். ஆனால் சட்டத்தின் எழுத்து அப்படி இல்லை என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் தடவைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இதற்காகக் கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும், நடக்காவிட்டால் விட்டுவிட வேண்டும் என்று 202-ஆவது பிரிவு சொல்கிறது. கைது என்ற கடைசிப் படிக்குக்கூடச் சட்டம் கடிகாரத்தைக் கையில் கொடுத்துத்தான் அனுப்புகிறது.

வண்டியைப் பிடித்து வைப்பதற்கு 207-ஆவது பிரிவு. லைசன்ஸ் இல்லாமல் ஓட்டியது, வயது வராத பிள்ளை ஓட்டியது, பதிவு செய்யாத வண்டி, பர்மிட் இல்லாதது அல்லது பர்மிட்டை மீறியது, இவைதான் அதில் உள்ள காரணங்கள். ஹெல்மெட் அந்தப் பட்டியலில் இல்லை. "ஃபைன் கட்டிட்டு வண்டிய எடுத்துட்டுப் போ" என்று ஹெல்மெட்டுக்காக வண்டியை மடக்கி வைப்பது அந்தப் பிரிவின் கீழ் நிற்காது. சரி, லைசன்ஸை வாங்கி வைத்துக்கொள்ளலாமா? அது முடியும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஹெல்மெட் குற்றத்துக்கும் லைசன்ஸைக் கைப்பற்றி, தகுதி நீக்கத்துக்காக ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்ப 206-ஆவது பிரிவில் வழி வந்துவிட்டது. 194டி பிரிவில் ஹெல்மெட் இல்லாததற்கு 1,000 ரூபாய் அபராதத்தோடு மூன்று மாதம் உரிமம் செல்லாமல் போவதும் சேர்ந்தே வருகிறது. ஆனால் கைப்பற்றினால் ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். சீட்டு இல்லாமல் சட்டைப் பைக்குள் போன லைசன்ஸ், சட்டத்துக்கு வெளியே போன லைசன்ஸ்.

அபராதத் தொகையைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில்தான் புதிய தொகைகள் வந்தன, ஹெல்மெட்டுக்கு 100 ரூபாயாக இருந்தது ஒரே எட்டில் 1,000 ஆனது. ஒரு கட்டிட வேலைக்காரரின் ஒரு நாள் கூலி அது. இந்த இடத்தில் அபராதம் எனப்படுவது சாலையிலேயே முடித்துக்கொள்ளும் ஒரு சமரசம். "நான் ஒத்துக்கொள்கிறேன், வழக்கை இதோடு முடித்துக்கொள்ளலாம்" என்று நீங்கள் சொல்வதற்கான விலை. ஒத்துக்கொள்ள விருப்பம் இல்லையென்றால் நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஒரு நாள் கூலியை இழந்து நீதிமன்றம் போக எத்தனை பேரால் முடியும் என்பது வேறு கேள்வி.

டிக்கியைத் திற, பையைக் காட்டு என்பது முற்றிலும் வேறு எல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் வேலை வண்டி, காகிதம், ஓட்டுபவர் ஆகியவற்றோடு முடிந்துவிடுகிறது. உங்கள் பையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேறு சட்டத்தின் துணை வேண்டும். போதைப்பொருள் என்றால் அதற்கான சட்டத்தில் 50-ஆவது பிரிவு இருக்கிறது. உடலைச் சோதிக்கும் முன், அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி அல்லது நீதித்துறை நடுவர் முன்னிலையில் சோதிக்கும்படி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமோ, சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. தேர்தல் காலத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணம் இல்லாமல் கொண்டுபோனால் பறக்கும் படை எடுத்து வைக்கிறதே, அது தேர்தல் ஆணைய ஏற்பாடு. சந்தைக்குப் போகும் மாட்டு வியாபாரியும் கல்யாணத்துக்கு நகை வாங்கப் போகும் குடும்பமும் ஒவ்வொரு தேர்தலிலும் இதில் மாட்டிக்கொள்வது தனிக்கதை.

எலியும் வீடும்

இதையெல்லாம் ஒரே கருத்தில் கோர்க்க ஒரு சொல் இருக்கிறது: விகிதாசாரம். பெயரைக் கேட்டால் கணக்குப் பாடம் மாதிரி இருக்கும். ஆனால் நம்மிடம் ஏற்கெனவே பழமொழியாக இருக்கும் விஷயம்தான், எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாதே. அரசு ஒருவருடைய உரிமையில் கை வைத்தால் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும் என்று 2017-இல் அந்தரங்க உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு வகுத்த வழி காட்டுகிறது. இதற்குச் சட்டம் இருக்கிறதா? நோக்கம் முறையானதா? செய்தது நோக்கத்துக்கு ஏற்ற அளவில் இருக்கிறதா? எங்கள் புளியமரத்துச் சோதனையை இதில் வைத்துப் பார்த்தால், நிறுத்தியது முதல் இரண்டு கேள்விகளையும் தாண்டிவிடும். சாவியை உருவியது முதல் கேள்வியிலேயே நின்றுவிடும். வளைவின் முடிவில் ஒளிந்திருந்து பாய்ந்ததோ மூன்றாவதில் தோற்கும். உயிரைக் காப்பாற்ற நடத்தும் சோதனை, பிரேக் பிடிக்க இடமில்லாத இடத்தில் நடந்தால் அந்த உயிருக்கே ஆபத்து.

இது வெறும் கற்பனைப் பயம் கிடையாது. 2018 மார்ச்சில் திருச்சி அருகே, ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன ஒரு தம்பதியைக் காவல் ஆய்வாளர் ஒருவர் துரத்திப் போய் வண்டியை எட்டி உதைத்ததாகப் புகார் எழுந்தது. கீழே விழுந்த மனைவி இறந்துபோனார். ஆயிரக்கணக்கானோர் தஞ்சாவூர் சாலையில் மறியலில் உட்கார்ந்தார்கள். ஆய்வாளர் கைது செய்யப்பட்டார். அன்றைக்கு ஹெல்மெட் போடாததற்கான அபராதம் 100 ரூபாய். நிற்காமல் போனது தப்புதான். ஆனால் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு வீட்டுக்கு நோட்டீஸ் அனுப்பியிருந்தால் அரசுக்கு என்ன நஷ்டம் வந்திருக்கும்? துரத்தத் தொடங்கிய அந்த நொடியில் நோக்கம் மாறிவிட்டது. தலையைக் காப்பாற்ற வேண்டும் என்பது போய், "என்னை மீறிப் போறானா" என்பது வந்து உட்கார்ந்துகொண்டது. அடாவடி என்று நாம் சொல்வதன் வேர் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

சோதனை ஒரு வாசற்படியாகவும் ஆகிவிடுகிறது. 2022 ஏப்ரலில் சென்னை கெல்லீஸ் பகுதியில் வாகனச் சோதனையில் நிறுத்தப்பட்ட ஆட்டோவில் இருந்த இளைஞர் ஒருவர் காவல் நிலையத்துக்குக் கொண்டு போகப்பட்டு, அடுத்த நாள் இறந்துபோனார். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போய், காவலர்கள் கைதானார்கள். ராத்திரியில் நிறுத்தப்படும்போது சிலருக்கு மட்டும் நெஞ்சு ஏன் அடித்துக்கொள்கிறது என்பதை இதைத் தெரியாமல் புரிந்துகொள்ள முடியாது.

வெளியூரில் எப்படி?

சட்டம் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி இல்லை. பிரிட்டனில் 1988-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 163-ஆவது பிரிவுப்படி சீருடைக் காவலர் எந்த வண்டியையும் காரணம் சொல்லாமல் நிறுத்தலாம். நம் ஊர் போலத்தான்.

அமெரிக்காவில் தலைகீழ். அங்கே ஒரு தனி வண்டியை நிறுத்தக் காரணம் வேண்டும். "லைசன்ஸ் இருக்கிறதா பார்க்கலாமே" என்று சும்மா ஒருவரை மட்டும் தேர்ந்தெடுத்து நிறுத்தக் கூடாது என்று 1979-இல் டெலவேர் மாநில வழக்கு ஒன்றில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே நீதிமன்றம் 1990-இல், குடிபோதை ஓட்டுநர்களைப் பிடிக்க எல்லா வண்டிகளையும் வரிசையாக நிறுத்தும் சாவடிகள் செல்லும் என்றது. 2000-இல், போதைப்பொருள் தேடுவதற்காக அதே மாதிரி சாவடி போட்டது செல்லாது என்றது. தடுப்பு ஒன்றுதான், நிற்கும் போலீஸும் ஒன்றுதான். சாலைப் பாதுகாப்புக்காக என்றால் சரி, பொதுவான குற்ற வேட்டைக்காக என்றால் சரியில்லை. நோக்கத்தை வைத்து இப்படிப் பிரித்துப் பார்ப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. நோக்கம் மாறினால் சாவடியின் அர்த்தமே மாறிவிடும். போர்க்காலத்தில் இலங்கையில் வளர்ந்த தமிழர்களுக்குச் சோதனைச் சாவடி என்றால் ஆர்.சி. புத்தகமா நினைவுக்கு வரும்? அடையாள அட்டையும், அதில் உள்ள பெயரும் ஊரும் பார்க்கும் கண்களும்தானே நினைவுக்கு வரும்.

காரணம் வேண்டும் என்று சட்டம் சொல்வதால் அமெரிக்காவில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்றால், அதுவும் இல்லை. 1996-இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. இண்டிகேட்டர் போடாதது போன்ற சின்ன விதிமீறல் ஒன்று கண்ணில் பட்டால் போதும், காவலரின் உண்மையான நோக்கம் வேறாக இருந்தாலும் நிறுத்தியது செல்லும் என்றது. யோசித்துப் பாருங்கள், பத்து நிமிடம் பின்தொடர்ந்தால் யாரிடம்தான் ஒரு விதிமீறல் கிடைக்காது? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே ஏறக்குறைய 10 கோடி வாகன நிறுத்தங்களின் பதிவுகளை அலசினார்கள். இருட்டிய பிறகு, அதாவது ஓட்டுநரின் நிறம் வெளியே தெரியாத நேரத்தில், நிறுத்தப்படுபவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு குறைந்தது. கண்ணுக்குத் தெரிந்தால் அதிகம் நிறுத்துகிறார்கள் என்றுதான் இதற்கு அர்த்தம்.

நம் ஊரில் சூரியன் மறையக் காத்திருக்க வேண்டாம். எந்தத் தடுப்பருகிலும் பத்து நிமிடம் நின்று பாருங்கள். கண்ணாடி ஏற்றிய பெரிய கார் நழுவிப் போகும். பின்னால் உரச்சாக்கு கட்டிய பழைய பைக் ஓரங்கட்டும். காரை நிறுத்தினால் உள்ளே யார் இருப்பார்களோ, யாருக்கு போன் போகுமோ என்ற தயக்கம். பைக்காரரிடம் அந்தத் தயக்கத்துக்கு அவசியம் இல்லை.

இங்கேதான், எல்லோரையும் ஊதச் சொல்வதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னதற்கான காரணம் வருகிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1982 டிசம்பரில் ஒரு முறையைத் தொடங்கியது. நிறுத்தப்படும் எந்த ஓட்டுநரையும், சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஊதச் சொல்லலாம். சாலை மரணங்கள் குறைந்தன. பெரிய தண்டனையைக் காட்டிலும், "இன்னிக்கு மாட்டிக்கலாம்" என்ற எண்ணம்தான் குடித்தவனைச் சாவியிலிருந்து தள்ளி வைக்கிறது. தவிர, வழக்கறிஞரும் ஊதுகிறார், கூலிக்காரரும் ஊதுகிறார் என்றால் அதில் அவமானம் இருக்காது. ஆள் பார்த்து ஊதச் சொல்லும்போதுதான் சுடுகிறது. நம் 203-ஆவது பிரிவில் இருக்கும் "நியாயமான சந்தேகம்" என்ற பாதுகாப்பு, ஆள் பார்த்துப் பிடிப்பதற்கு ஒரு வசதியாகவும் மாறக்கூடும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்தார்களா தெரியவில்லை.

ஆஸ்திரேலியாவிலிருந்து இன்னொரு சங்கதி. குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் இதே மாதிரி 60 சோதனைகளை எடுத்து, பாதியில் வழக்கம்போல நடந்துகொள்ளச் சொன்னார்கள். மீதிப் பாதியில் காவலர்கள் என்ன பேச வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஏன் நிறுத்துகிறோம், உங்களைத் தனியாகக் குறிவைக்கவில்லை, உங்கள் கருத்து என்ன, நன்றி. அவ்வளவுதான். மரியாதையாகப் பேசப்பட்டவர்களிடம் போலீஸைப் பற்றிய எண்ணம் மேம்பட்டிருந்தது. இதையே ஸ்காட்லாந்தில் செய்து பார்த்தபோது நேர்மாறாகிவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மனப்பாடமாக ஒப்பிக்கும் மரியாதையை ஜனங்கள் கண்டுபிடித்துவிடுவார்களோ என்னவோ.

கேமரா வந்தால் இந்தத் தகராறே இருக்காது என்று ஒரு கட்சி சொல்கிறது. 2021 ஆகஸ்டில் வந்த 167ஏ விதி கேமரா, வேகமானி, காவலர் சட்டையில் பொருத்தும் கேமரா எல்லாவற்றுக்கும் முறை வகுத்திருக்கிறது. குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்றது. கேமரா இருக்கும் இடத்துக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். இயந்திரம் வளைவில் ஒளிந்து நிற்கக் கூடாது என்று விதி போட்டுவிட்டார்கள், ஆளுக்கும் அதையே போட்டால் தேவலை. ஆனால் கேமராவுக்கு வாடை தெரியாது. குடித்தவனை ராத்திரியோடு ராத்திரியாக வண்டியிலிருந்து இறக்க மனிதர்தான் வேண்டும்.

நிறுத்தினால் நான் என்ன செய்கிறேன் என்று தம்பி கேட்டான், அவனுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். இண்டிகேட்டர் போட்டு ஓரமாக நிறுத்து, இன்ஜினை நீயே அணைத்துச் சாவியை உன் பையில் போட்டுக்கொள். சாவி உன் பையில் இருந்தால் உருவ ஒன்றும் இல்லை. "வணக்கம் சார்" என்று சொல்வதில் குறைந்துவிட மாட்டோம். அவர்களும் நாள் முழுக்கப் புகையிலும் வெயிலிலும் நிற்கிறவர்கள். சட்டையில் பெயர் இருக்கும், பார்த்து வைத்துக்கொள். டிஜிலாக்கரைத் திறந்து வை. எந்தப் பிரிவு என்று கேள், சீட்டு கேள், குரலை உயர்த்தாதே. மாமா அரசியலில் இருக்கிறார், பெரியப்பா டி.எஸ்.பி. என்ற கதையெல்லாம் வேண்டாம். அப்படிப் பேசுபவர்களால்தான் கார் நழுவுகிறது, பைக் மாட்டுகிறது.

போன மாதம் அதே பைபாஸில் மறுபடியும் நிறுத்தினார்கள். இந்த முறை வளைவுக்கு நூறு அடி முன்னால், விளக்குக் கம்பத்தடியில், ஒளிரும் பட்டை போட்ட தடுப்பு. ஒரு பெண் எஸ்.ஐ. போனில் லைசன்ஸைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஹெல்மெட் இரண்டு பேருக்கும் இருந்தது. புகைச் சான்றிதழ்தான் முடிந்துபோயிருந்தது, கவனிக்கவே இல்லை. "இதுக்கு ஃபைன் உண்டு தம்பி" என்று சொல்லிச் சீட்டைக் கொடுத்தார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. தம்பி பணத்தைக் கட்டிவிட்டு, வீடு வரும்வரை வேறு எதையோ பற்றிப் பேசிக்கொண்டு வந்தான்.